மூன்று பழைய வேக்கமும் ஒரு வேட்டித் துணியும்

1

நான் ஈப்போவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தொரு வருடம் முடிகிறது. அறந்தாங்கியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த தேதி வரும்போதெல்லாம் வீட்டில் கேசரி கிண்டுவேன். என் வீட்டுக்காரர் செல்வராஜா லோரி ஓட்டுகிறவர், சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருக்கு இந்தத் தேதி ஒரு தடவைகூட நினைவிருந்ததில்லை. நெய் வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான், "ஓ, நீ வந்து சேந்த நாளா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு இரண்டு கிண்ணம் சாப்பிடுவார்.

இந்த வருடம் கேசரிக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. எங்கள் ஒரே மகள் யாழினி கொண்டுவந்து வைத்தாள். இருபது வயது, இங்கே ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறாள். கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுக்க வேண்டுமாம். புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஜெலாப்பாங். அங்கே எத்தனையோ தொழிற்சாலை இருக்கிறது. அதை எல்லாம் விட்டுவிட்டு கோலாலம்பூரில் ஒரு இடம் கேட்டு மனு எழுதியிருந்தாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அடுத்த வாரம் போய், அதற்கடுத்த திங்கட்கிழமை கடைசி நாள்.

வெளியூர் கேட்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் மலாயில் ஒரே ஒரு வார்த்தை. உடல்நலம் என்று அர்த்தம்.

"உடம்புக்கு என்னடி?" என்றேன்.

"செம்புட்மா. உங்களுக்குத் தெரியாதா? இந்த வீட்ல இருந்தா மூச்சு விட முடியல."

செம்புட் என்றால் ஆஸ்துமா, நம் ஊரில் இழுப்பு என்போம். அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தக் காரணத்தை நம்பவில்லை. ஏனென்றால் நான் வேறு ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை ஆனால் இவள் வீட்டில் நிற்பதில்லை. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் தலைவலி என்பாள், படிப்பு என்பாள், மோட்டோவை எடுத்துக்கொண்டு தோழி ரெபேக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ரெபேக்கா குடும்பம் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அங்கே வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஏதாவது நடக்கிறதோ, பிள்ளை அதில் போய் உட்காருகிறாளோ என்றுகூட எனக்கு யோசனை போயிற்று. வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். நம் பாஷை முதலில் போகும், பிறகு சாப்பாடு போகும், பிறகு சாமி போகும் என்று நாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருப்போம்.

"தூசிதானே உனக்குப் பிரச்சினை?" என்றேன். "ரெண்டு வாரம் குடு. இந்த வீட்டுல ஒரு பொட்டுத் தூசி இல்லாமப் பண்ணிக் காட்டுறேன். அப்புறமும் மூச்சு முட்டினா கையெழுத்துப் போடுறேன்."

"மா, அதுக்கு இல்லமா..."

"அதுக்குத்தான். போ."

கேசரி அப்படியே ஆறிப் போயிற்று. அவள் என்னவோ சொல்ல வந்தாள், நான் விடவில்லை. நான் அப்படித்தான், ஒன்று பிடித்தால் விடமாட்டேன்.

2

தூசியோடு எனக்கு இந்த ஊரில் பழைய பகை. சுற்றிலும் சுண்ணாம்பு மலை, வாசலில் லோரி போக்குவரத்து. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். வந்த புதிதில் விளக்குமாறு வாங்கக் கடைக்குப் போனேன். மலாயில் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், கடைசியில் வார்த்தை மாறி, எனக்குக் குப்பை வேண்டும் என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பின்பக்கத்துக் குப்பைத் தொட்டியைக் காட்டி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்று கை விரித்தார். வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் எல்லா விருந்திலும் சொல்கிறார்.

விளக்குமாறிலிருந்து வேக்குவம் கிளீனருக்கு வந்தது பிற்பாடு. இங்கே எல்லோரும் அதை வேக்கம் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் பழசு, மூன்றும் பையில்லாத வகை. பை வைத்த வேக்கத்தில் தூசி ஒரு காகிதப் பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பையை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பையில்லாததில் கண்ணாடி மாதிரி ஒரு டப்பா. காற்று அதற்குள் சுற்றிச் சுழன்று, கனமான குப்பை கீழே விழும். மிச்சமிருக்கும் பொடித் தூசியை ஒரு வடிகட்டி பிடித்துக்கொண்டு, சுத்தமான காற்றை வெளியே விடும். டப்பா நிறைந்தால் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் எனக்கு. டப்பாவுக்குள் முடியும் மண்ணும் சுற்றுவதைப் பார்த்தால்தான் வீடு சுத்தமானதாக மனசு ஒப்புக்கொள்ளும்.

முதலாவது சிவப்பன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. குள்ளமாக, குண்டாக, தரையில் உருண்டு வரும். தலைமுடியை ஒன்று விடாமல் இழுக்கும். ஆனால் சூடேறினால் ரப்பர் கருகும் வாசம் வரும். அந்த வாசம் வந்ததும் வீட்டுக்காரர், "தோட்டத்துப் புகைக்கூடு ஞாபகம் வருது," என்று சந்தோஷமாக மூச்சிழுப்பார்.

இரண்டாவது நெட்டையன். எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆசிரியை வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனார். நின்ற நிலையில் தள்ளிக்கொண்டு போவது. ஏக கனம், மாடிப்படி ஏற்றினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் இழுவை என்றால் அதுதான் இழுவை. ஒரு முறை மிதியடியையே தூக்கிக்கொண்டு வந்தது. வயர் மட்டும் தானாகச் சுருளாது, கையால்தான் சுற்ற வேண்டும்.

மூன்றாவது குட்டி நீலம். இதன் கதை கொஞ்சம் வேறு. பூஜையறைக்குள் விளக்குமாறு நுழையக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அறந்தாங்கியில் அம்மா துணியால்தான் துடைப்பார், விளக்குமாறு அந்தப் பக்கமே வராது. இங்கேயும் பல வருடம் அப்படித்தான் குனிந்து துடைத்தேன். பிறகு ஒரு நாள் தோன்றியது. வேக்கம் விளக்குமாறு இல்லையே? தரையைச் சீய்ப்பதும் இல்லை, சொல்லப்போனால் காற்றுதான் வேலை செய்கிறது. ஆனால் குளியலறை வாசலில் உருண்ட சிவப்பனையும் நெட்டையனையும் உள்ளே விட முடியுமா? ஆகவே சாமிக்கென்றே தனியாக ஒன்று வாங்கினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து உள்ளே கொண்டுபோனேன். ஆயுத பூஜைக்கு மாலையும் உண்டு. வேறு எந்த அறையிலும் அதை ஓட விட்டதில்லை. இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவதற்கு முன்னால் அதைத்தான் ஓட்டினேன்.

சாமிமேடையில் அப்படி என்ன குப்பை என்று கேட்பீர்கள். விபூதிதான். என் வீட்டுக்காரர் லோரி எடுப்பதற்கு முன்னால் விபூதி பூசுவதைப் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடிப்பது போல இருக்கும். நெற்றியில் பாதி, தரையில் பாதி. டப்பாவில் சேரும் விபூதியை நான் குப்பையில் கொட்டமாட்டேன். பின்னால் செம்பருத்திச் செடி வேரில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

3

குட்டி நீலத்துக்குள் இருந்த பஞ்சு வடிகட்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே பொடிந்துவிட்டது. இந்த ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பழைய பஞ்சு நிற்காது, கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி உதிரும். அந்த மாடலுக்கு உதிரிச் சாமான் வருவது நின்று எத்தனையோ வருடம். யோசித்தேன்.

எங்கள் அம்மா வீட்டில் வேட்டித் துணியில் வடிகட்டாத பொருள் கிடையாது. கஷாயம், வெல்லப் பாகு, தேங்காய்ப் பால், அரைத்த மருதாணிச் சாறு எல்லாமே அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கழுவிக் காயவைத்த துணியில்தான் இறங்கும். வேட்டி நன்றாக நைந்திருந்தால் ஒரு துரும்பு தாண்டாது. ஆகவே வீட்டுக்காரரின் கோயில் வேட்டி ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, இரண்டு மடிப்பு மடித்து, ரப்பர் வளையம் போட்டு உள்ளே பொருத்தினேன். சாமி வேக்கத்துக்குச் சாமி வேட்டி. எனக்கு என் மேலேயே பெருமை பொங்கியது. அறந்தாங்கியில் இருக்கும் தம்பி மனைவிக்கு படம் பிடித்து அனுப்பினேன். அவளும் பத்துக் கைதட்டல் பொம்மை போட்டாள்.

4

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். திரைச்சீலை, மெத்தை உறை, யாழினி அறையின் மூலை முடுக்கு, மின்விசிறி இறக்கை என்று ஒன்றும் விடவில்லை. மூன்று இயந்திரத்தில் எது சிறந்தது என்று ஒரு கை பார்த்துவிடுவோம் என்று பாயில் அரிசி மாவைத் தூவிச் சோதனையும் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அரைக் கப் மாவு. பிறகு டப்பாவைத் திறந்து மாவைத் திரும்ப கப்பில் அளப்பது. நெட்டையன் ஏறக்குறைய அரைக் கப்பைத் திருப்பிக் கொடுத்தது. சிவப்பன் அதற்குக் கொஞ்சம் குறைவு. குட்டி நீலத்துக்கு மட்டும் பூஜையறையில் தனிப் பாய் போட்டுச் செய்தேன். பாய் பளிச்சென்று இருந்தது, ஆனால் டப்பாவில் கால் கப்தான் இருந்தது. மிச்சம் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக் குழாயைத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"என்னாதான் பண்றே நீ?" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"எது நல்லா இழுக்குதுன்னு பாக்குறேன்."

"புள்ள கே.எல். போவணும்னு நெனைக்குது. வயசுலா. விடேன்."

"வயசு இல்லீங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வர்ற வயசு எங்க இருக்கு?"

அவர் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டார். பூஜையறைக்குள் போய் வழக்கம் போல ஒரு வெள்ளையடிப்பு நடத்திவிட்டுப் போனார்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருந்த குட்டி நீலத்தை இப்போது தினமும் ஓட்டினேன். வீடு முழுக்கச் சுத்தமாகும்போது சாமி அறையை மட்டும் விட மனசு வரவில்லை. பிள்ளைக்காகச் செய்யும் வேலை, சாமியும் பார்க்கட்டும் என்று எண்ணம்.

செவ்வாய்க்கிழமை என் விசா வேலையாகக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இருபத்தொரு வருடமாக நான் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் பாஸ் அது. வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட வர வேண்டும், கல்யாணப் பத்திரத்தின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும், எண் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பாஸின்படி நான் இன்னும் வருகையாளர்தான். முகப்பில் இருந்த பெண் தங்கமானவள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் "எவ்வளவு காலம் தங்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி என்னை அன்றைக்கு என்னவோ செய்துவிட்டது. என் பிள்ளை இங்கே பிறந்தவள், குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருக்கிறவள். இந்த ஊரில் எனக்கு இருக்கும் பிடிப்பு அவள்தான். அவள் கிளம்பிவிட்டால் நான் யாரைப் பார்க்க வந்த வருகையாளர்? வெளியே வந்து தே தாரேக் குடிக்கும்போது அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் டிஷ்யூவை நீட்டி, "வேலை முடிஞ்சிருச்சில்ல, ஏன் அழுவுறே?" என்றார். அவருக்கு எங்கே புரியும்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வேக்கத்தையும் மறுபடி எடுத்தேன்.

5

வியாழக்கிழமை மத்தியானம் யாழினி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது, நெஞ்சுக்குள் விசில் சத்தம். மருந்தை இரண்டு முறை வாயில் அடித்தும் கேட்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அவளைக் கைத்தாங்கலாகக் காடியில், இங்கே காரை அப்படித்தான் சொல்வோம், ஏற்றி, பக்கத்துக் கிளினிக்குக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். முகத்தில் மூடி வைத்து கேஸ் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் உதடு பழைய நிறத்துக்கு வந்தது.

டாக்டரம்மா நம்மவர்தான், நிதானமான பெண். யாழினியிடம் கேட்டார். "எந்த நாள்ல ரொம்ப வருது? யோசிச்சு சொல்லு."

"ஃப்ரைடே டாக்டர். ரெண்டு வருஷமா ஃப்ரைடேதான்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இந்த வாரம் டெய்லி."

"வீட்டுல ஃப்ரைடே என்ன பண்ணுவீங்க?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பூஜை," என்றேன்.

"சாம்பிராணி போடுவீங்களா?"

"ஐயோ, அதை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு டாக்டர். இவளுக்காகத்தான் நிறுத்தினேன். ஊதுவத்திகூட கிடையாது."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். வேறு மருந்து எழுதிக் கொடுத்தார், தினமும் விடாமல் எடுக்க வேண்டும் என்றார். புறப்படும்போது, "வெள்ளிக்கிழமை மட்டும் வருதுன்னா வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுல ஏதோ பறக்குதுன்னு அர்த்தம். தேடிப் பாருங்கம்மா," என்றார்.

வழியெல்லாம் காடியில் அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். எனக்குள் ஒன்று உறுத்தியது. வெள்ளிக்கிழமை என்று இந்தப் பிள்ளை சொன்னபோது நான் சாமியை நினைத்தேன். டாக்டர் தூசியை நினைத்தார். இரண்டு வருடமாக ஒரே நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் என்று அவளைக் கேட்டதில்லை.

6

சனிக்கிழமை, மாவுச் சோதனையில் காணாமல் போன கால் கப் மாவு நினைவுக்கு வந்து, மூன்று வேக்கத்தையும் காடியில் ஏற்றிக்கொண்டு ஜெலாப்பாங்கில் தவமணி அண்ணன் கடைக்குப் போனேன். மின்விசிறி, ரேடியோ, அரைக்கும் இயந்திரம் எல்லாம் பழுது பார்க்கிறவர். சிவப்பனுக்கு இரண்டு முறை உயிர் கொடுத்தவர்.

"வாங்க தங்கச்சி. பசியாறிட்டீங்களா? என்னா, மூணும் ஒரே நேரத்துல ரோசாக்கா?"

"பழுது ஒண்ணும் இல்லண்ணே. மூணும் நல்லா இழுக்குது. இழுத்த தூசி உள்ளதான் இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல கேள்விலா. யாரும் கேக்கமாட்டாங்க."

கடை வாசலில் வெயில் அடிக்கும் இடத்துக்கு மூன்றையும் நகர்த்தினார். சுவரில் தொங்கிய தன் கறுப்புக் குடையை விரித்து, இயந்திரத்தில் காற்று வெளியே வரும் வாய்க்கு நேராகப் பிடித்தார். சிமெண்டுத் தரையில் சுவருக்குப் பூசும் பட்டிப் பொடியைக் கொஞ்சம் தூவி, நெட்டையனை முதலில் ஓட்டச் சொன்னார். குடையில் ஒன்றுமே இல்லை. சிவப்பனை ஓட்டினேன். குடையில் லேசாக, ஊதினால் போகிற அளவு. பிறகு குட்டி நீலம்.

குடை வெளுத்தது. கறுப்புத் துணி முழுக்கத் திருநீறு பூசினது மாதிரி ஆயிற்று. குடையைத் தாண்டிய பொடி வெயிலில் புகையாக எழும்பி, அவர் தலைமுடியில் இறங்கியது. அவர் இரண்டு முறை தும்மிவிட்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"தங்கச்சி, இதுல ஃபில்டர் எங்க?"

"இருக்கேண்ணே." மூடியைத் திறந்து வேட்டித் துணியைக் காட்டினேன்.

முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தி, வேட்டியா! தண்ணிய வடிக்கட்டலாம்லா, காத்த எப்படிமா வடிக்கட்டும்? நூலுக்கு நூல் இடுக்குல பூந்து வந்துரும். மோட்டார் எப்படி இன்னும் உசுரோட இருக்குன்னுதான் தெரியல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "எந்த ரூமுல ஓட்டுறீங்க இத?"

"சாமி ரூமு. விபூதி."

"விபூதியா? அது பட்டிப் பொடிய விட நைசுமா. தரையில கெடந்தா பேசாமக் கெடக்கும். இது அத அள்ளி, இன்னும் நைசாக்கி, வீடு பூரா தூவி விடும். மூக்கு உசரத்துல நிக்கும் அது. வீட்டுல யாருக்கும் செம்புட் இல்லியே?"

நான் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிப்போய் தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், விளக்கேற்றுவதற்கு முன்னால், என் கையாலேயே என் பிள்ளை மூக்கில் சாம்பலை ஏற்றியிருக்கிறேன். அவள் விலகிப் போகிறாள் என்று இரண்டு வருடமாக அழுதேனே, அவள் மூச்சுக்காக ஓடியிருக்கிறாள். ஓட ஓட நான் துரத்தியிருக்கிறேன். இந்த வாரம், வீட்டில் தூசியே இல்லை என்று அவள் நம்பட்டும் என்று தினமும் துரத்தினேன்.

"சரிண்ணே," என்று எழுந்தேன். "இந்த நீலத்தை நீங்களே வச்சிக்கோங்க. மோட்டார் எதுக்காவது உதவும்."

"பொட்டு வச்சிருக்கீங்களே தங்கச்சி, பரவால்லியா?"

"பொட்டைத் தொடைச்சிட்டுத் தரேன்."

துடைத்தேன். சிவப்பு போகும் வரை துடைத்தேன்.

7

வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பூஜையறையில் நுழைந்தேன். படங்களை எல்லாம் இறக்கினேன். சட்டத்தின் பின்பக்கம், விளக்குத் தட்டின் அடி, கூரையோரம், பக்கத்திலிருக்கும் யாழினி அறையின் ஜன்னல் திரை எல்லாவற்றிலும் விரல் வைத்தால் வெள்ளை. ஈரத் துணியால் துடைத்தேன். எத்தனை வாளித் தண்ணீர் மாற்றினேன் என்று நினைவில்லை. அத்தனையும் செம்பருத்திக்குப் போயிற்று. முழங்கால் தேய்ந்துவிட்டது. தேயட்டும்.

மறுநாள் காலை யாழினி ரெபேக்கா வீட்டிலிருந்து வந்தாள். கிளினிக்குக்குப் போன நாளிலிருந்து அவளை அங்கேதான் விட்டுவைத்திருந்தோம். எதிரில் உட்கார வைத்து, குடையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்மா," என்றாள். "சாமி மெஷினாலதான்னு தெரியும். அந்தச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சிரும். அதான் நீங்க ஆன் பண்றதுக்கு முன்னால ஓடிருவேன்."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன்லா. அந்த மெஷின் வேணாம்னு. சாமி காரியத்துல குறை சொல்லாதன்னு ஏசினீங்க. ரெபேக்காகூட சேந்து இப்படிப் பேசுறேன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படிமா சொல்றது? நான் எது சொன்னாலும் சாமிய வேணாம்னு சொல்றதாதான் நெனைப்பீங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "அவங்க வீட்ல நான் ஒண்ணும் பண்ணலமா. கட்டில்ல படுத்து மூச்சு விடுவேன். அவ்வளவுதான்."

சொன்னாள்தான். எனக்கு நினைவு வந்தது. என்ன வார்த்தை சொல்லி ஏசினேன் என்பதும் நினைவு வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, வாய் வரவே இல்லை. இருந்தாலும் கேட்டேன். அவள் பதறிப்போய், "ஐயோ மா, போதும்லா, போதும்," என்று என் வாயைப் பொத்தினாள்.

மனுவில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். அவள் திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள். இனி வீட்டில் மூச்சு விடலாமே, ஜெலாப்பாங்கிலேயே பார்க்கலாமே என்று என் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தக் கம்பெனி அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது. போகட்டும். பிடித்த இடத்துக்குப் போகிற பிள்ளையை வழியனுப்ப என்னால் முடியும். மூச்சு முட்டி ஓடுகிற பிள்ளையைத்தான் தாங்க முடியாது.

அவள் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நெட்டையனைக் கூடத்தோடு நிறுத்திவிட்டு, பூஜையறையை முழங்காலில் உட்கார்ந்து ஈரத் துணியால் துடைத்தேன். விளக்கேற்றும் நேரத்துக்கு யாழினி குளித்துவிட்டு வந்து, வாசல்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே காற்றை மோந்து பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு நிற்கிறாள். வீட்டுக்காரர் விபூதித் தட்டுக்குக் கை நீட்டினார். நான் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். விபூதியை உள்ளங்கையில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, முதலில் பிள்ளை நெற்றியில் இட்டேன். இனி இந்த வீட்டில் குழைத்துத்தான் பூச வேண்டும், சாமி வந்து கேட்டாலும் அப்படித்தான்.

யாழினி கண்ணை மூடினாள். நான் விளக்கை ஏற்றாமல் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா மூச்ச இழு," என்றேன்.

இழுத்தாள். சத்தம் இல்லை.

"இன்னொரு தடவ இழு."

"மா," என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பூஜைல நிக்கிறோம்லா."

"சாமி நிக்கட்டும். நீ இழு."